பங்குக் கிணறும் சீரியல் போர்ட்டும்

புத்தூர்ச் சந்தியிலிருந்து நிலாவரைப் பக்கம் போகும் வீதியில் இருக்கிறது பெரியம்மா வீடு. வீடு திருத்தும்போது பரணிலிருந்து மூன்று பெரிய பிஸ்கற் தகரங்கள் இறங்கின. உள்ளே கசெற்றுகள். எண்ணிப் பார்த்தோம், 212. கோயில் திருவிழா மேளம், இசை நாடகம், யாரோ ஒருவரின் கலியாண வாழ்த்து, கனடாவுக்கு அனுப்பவென்று பேசிப் பதிந்து அனுப்பாமலே விட்ட கசெற் கடிதங்கள். 1995 ஒக்ரோபர் 30 இல் வலிகாமம் இடம்பெயர்ந்தபோது இந்தத் தகரங்களும் தென்மராட்சி போய் வந்தவை என்றார் பெரியம்மா. உடுப்பை விட்டுவிட்டு இதைத் தூக்கினாராம் பெரியப்பா.

கசெற்றில் ஒரு தொல்லை உண்டு. புத்தகத்தை வேகமாகப் புரட்டலாம், கசெற்றைப் புரட்ட முடியாது. தொண்ணூறு நிமிட நாடாவைக் கணினிக்குள் ஏற்றத் தொண்ணூறு நிமிடமே வேண்டும். ஒரு கசெற் சராசரி 75 நிமிடம் என்று வைத்தால் 212 கசெற்றுக்கு 265 மணித்தியாலம். நாளுக்கு நாலு மணி உட்கார்ந்தாலும் இரண்டு மாதத்துக்கு மேலே போகும். நாலு டெக்கை ஒரே நேரத்தில் ஓட விட்டால் பதினேழு நாளில் முடியும். அதனால் நாலு பழைய டெக் தேடிப் பிடித்தோம். நாலையும் தேய்த்துத் துடைத்து, பட்டி மாற்றித் தந்தவர் ஊரில் வானொலி திருத்துகிற முதியவர் ஒருவர். வீட்டிலிருந்த பழைய கணினியின் பின்புறத்தைக் குனிந்து பார்த்துவிட்டு அவர் கேட்டார்: “தம்பி, இந்த ஒன்பது ஊசிப் போர்ட் சும்மாதானே கிடக்குது. உதிலை நாலையும் கொழுவேலாதோ?”

“ஏலாது ஐயா” என்று சொல்லிவிட்டேன். ஏன் ஏலாது என்று அடுத்த கேள்வி வந்தது. அதற்குச் சொல்ல வேண்டிய மறுமொழிதான் இந்தக் கட்டுரை. கேள்வி பார்ப்பதற்குத்தான் சின்னது. ஒரு துளையின் வழியாகப் பல ஒலிக்கருவிகளைக் கணினியோடு சேர்க்க முடியுமா என்பதை அறுபது வருடமாகப் பொறியியலாளர்கள் ஒவ்வொரு விதமாகக் கேட்டு, ஒவ்வொரு விதமாக விடை கண்டிருக்கிறார்கள்.

பள்ளிக்கூடப் பாடப்புத்தகத்தில் ‘தொடர் துறை’ என்றும் கடையில் சீரியல் போர்ட் என்றும் சொல்லப்படும் அந்த ஒன்பது ஊசித் துளையின் விதிமுறைக்கு ஆர்எஸ்-232 என்று பெயர். அமெரிக்க இலத்திரனியல் தொழில்துறைச் சங்கம் 1960 இல் வகுத்தது. தட்டச்சு முனையத்தையும் மோடத்தையும் இணைப்பதே அதன் வேலை. முதலில் 25 ஊசி. ஐபிஎம் நிறுவனம் 1984 இல் வெளியிட்ட பிசி-ஏடி கணினியோடு ஒன்பது ஊசியாகச் சுருங்கியது. இந்தப் பக்கம் ஒருவர், அந்தப் பக்கம் ஒருவர். மூன்றாமவருக்கு அதில் இடமில்லை.

பேச்சு நடக்கிற விதமும் தனி. கம்பியில் மூன்று வோல்ற்றுக்கு மேலே இருந்தால் ஒரு விடை, கழித்தல் மூன்றுக்குக் கீழே இருந்தால் மற்ற விடை. நடுவில் உள்ள எதற்கும் அதில் பொருளே இல்லை. கசெற் டெக்கின் பின்னாலிருந்து வருவதோ ஒரு வோல்ற்றுக்கும் குறைந்த, ஏறி இறங்கி நெளிகிற மின்னலை. இசை முழுவதும் அந்த நடுவில்தான் இருக்கிறது. எனவே டெக்கின் வயரை வெட்டி நேரே ஒன்பது ஊசியில் பற்ற வைத்தால் கணினிக்கு ஒன்றும் கேட்காது. அலையை எண்ணாக்கும் பெட்டி ஒன்று இடையில் கட்டாயம் வேண்டும்.

பெட்டி ஒன்றை வைத்து எண்ணாக்கிவிட்டால் போகுமா? கணக்குப் பார்க்கலாம். பழைய கணினிகளின் சீரியல் போர்ட்டுக்கு வழக்கமான உச்ச வேகம் வினாடிக்கு 115,200 பிற். ஒவ்வொரு எட்டுப் பிற்றுக்கும் தொடக்கமாக ஒன்று, முடிவாக ஒன்று சேர்வதால் உண்மையில் தேறுவது வினாடிக்கு 11,520 பைற். இறுவட்டுத் தரத்தில் ஒலி என்றால் வினாடிக்கு 44,100 மாதிரி, ஒவ்வொன்றும் 16 பிற், இடம் வலம் இரண்டு. பெருக்கினால் 1,411,200 பிற். போர்ட்டின் மொத்த வேகத்தைப் போல பன்னிரண்டே கால் மடங்கு. தொலைபேசித் தரத்துக்கு இறங்கினால் வினாடிக்கு 8,000 மாதிரி, எட்டுப் பிற். தொடக்கம் முடிவு சேர்த்து 80,000. இது போகும். இரண்டு தொலைபேசிக் குரல் என்றால் 160,000, போகாது. ஆக அந்தத் துளைக்குள் சுருக்காமல் அனுப்பக்கூடியது ஒரே ஒரு தொலைபேசிக் குரல். நாலு டெக்குக்கு எங்கே போவது?

ஆனால் சீரியல் போர்ட்டை ஒலித்துறை கைவிடவில்லை. ஒலியை அனுப்பாமல் ஏவலை அனுப்பியது. ‘ஓடு’, ‘நில்’, ‘பதி’, ‘பின்னுக்குச் சுற்று’ என்பதெல்லாம் சில பைற்றில் அடங்கும் சொற்கள். சோனியின் ஒன்பது ஊசி நெறிமுறை ஆர்எஸ்-422 கம்பியில் வினாடிக்கு 38,400 பிற் வேகத்தில் ஒளிபரப்பு நிலையங்களின் நாடாப் பெட்டிகளை ஆட்டிப் படைத்தது. தஸ்காம் போன்ற நிறுவனங்களின் தொழில்முறைப் பதிவுப் பெட்டிகள் சிலவற்றில் ஆர்எஸ்-232 துளை இன்னும் இருக்கிறது. பல பெட்டிகளை ஒரே கம்பியில் கோர்க்க வேண்டுமானால் ஆர்எஸ்-485 இருக்கிறது: 1,200 மீற்றர் நீளக் கம்பி, அதில் முப்பத்திரண்டு கருவி. பெரிய மண்டபங்களில் ஒலிபெருக்கிகளைக் கட்டுப்படுத்த இது போதுமானது.

இசைக்கென்றே பிறந்த சீரியல் கம்பியும் உண்டு. 1983 இல் வந்த மிடி. வினாடிக்கு 31,250 பிற். சீரியல் போர்ட்டை விடவும் மெதுவானது. ஆனாலும் ஒரே கம்பியில் பதினாறு வாத்தியம். அது ஒலியைத் தூக்கிச் செல்வதில்லை, எந்தக் கட்டையை எவ்வளவு வேகமாக அழுத்தினான் என்பதை மட்டும் சொல்கிறது. சுரம் எழுதிய தாளை அனுப்புவதற்கும் வித்துவானையே அனுப்புவதற்கும் உள்ள வித்தியாசம் இது. தொண்ணூறுகளில் யமகா, ரோலண்ட் நிறுவனங்களின் ஒலிப்பெட்டிகள் சிலவற்றில் கணினியின் சீரியல் போர்ட்டில் நேரே கொழுவுகிற துளையே இருந்தது. பெரியவர் கேட்ட கேள்விக்கு ‘ஏலும்’ என்று மறுமொழி சொன்ன ஒரே காலம் அதுதான். ஆனால் கசெற்றில் கிடப்பது வித்துவான், தாள் அல்ல.

இங்கே ஒரு சொல் விளையாட்டு இருக்கிறது. யூஎஸ்பி என்பதன் நடு எழுத்தும் சீரியலைத்தான் குறிக்கிறது. அதுவும் ஒரு பிற்றுக்குப் பின் ஒரு பிற் போகும் கம்பிதான். 1996 ஜனவரியில் அதன் முதற் பதிப்பு வந்தது; அதை உருவாக்கிய இன்ரெல் குழுவில் முன்னின்றவர் குஜராத்தில் பிறந்த அஜய் பட். பழைய சீரியலிலிருந்து அதைப் பிரித்தது வேகம் மட்டுமல்ல, முறை.

முறை என்றால் என்னவென்று புத்தூர்க்காரருக்குச் சொல்லித் தரத் தேவையில்லை. எங்கள் பக்கத்துத் தோட்டக் கிணறுகளில் பாதி பங்குக் கிணறு. நாலு பேருக்கு உரித்தான ஒரு கிணற்றில் இன்றைக்கு இன்னார் முறை, காலை இத்தனை மணியிலிருந்து இத்தனை மணி வரை என்று ஒழுங்கு. துலா மிதித்த காலத்திலும் அப்படித்தான், மிசின் வந்த பிறகும் அப்படித்தான். முறை தவறினால் வழக்கு. யூஎஸ்பியில் கணினிதான் முறை கூப்பிடுகிறது. கருவி எதுவும் தானாகப் பேசாது. ஒவ்வொரு மில்லி வினாடிக்கும் ஒரு சுற்று; ஒலிக்கருவி வந்தால் அந்தச் சுற்றில் அதற்கென்று ஒரு பங்கை முன்கூட்டியே ஒதுக்கி வைக்கிறது. அச்சுப்பொறி காத்திருக்கும், ஒலி காத்திருக்காது என்பதால் இந்தச் சலுகை. விதிப்படி 127 கருவி வரை கொழுவலாம். 48,000 மாதிரி, 16 பிற், இரு பக்க ஒலி என்றால் ஒரு சுற்றுக்கு 192 பைற் வேண்டும். வினாடிக்கு 12 மெகாபிற் ஓடும் பழைய யூஎஸ்பியில், ஒதுக்கக்கூடிய பங்கு தொண்ணூறு வீதம் என்பதால், காகிதத்தில் ஆறு கருவி வரை இடமுண்டு. நடைமுறையில் நாலு என்று வைத்துக்கொள்வது புத்தி. 2000 இல் வந்த இரண்டாம் பதிப்பு வினாடிக்கு 480 மெகாபிற். ஆனால் அதிலும் ஒரு சூது: மலிவான ஒலிக்குச்சிகள் பழைய வேகத்திலேயே பேசுபவை. அவற்றை ஒரே ஹப்பில் குத்தினால் பெரும்பாலான ஹப்புகளில் எல்லாம் சேர்ந்து அந்த 12 மெகாபிற்றையே பங்கு போடும். கிணறு பெரிதானாலும் வாய்க்கால் பழையதுதான்.

நாங்கள் முதலில் வாங்கியது அப்படியான நாலு குச்சி. அனுபவம் சுருக்கமாக: முதல் கசெற் ஒரு பக்க ஒலியாகவே இறங்கியது. குச்சியில் இருந்தது ஒலிவாங்கிக்கான துளை. அது ஒற்றைத் தடம் மட்டும் கேட்கும். டெக்கின் வெளியீடு அதற்குப் பலமானதும்கூட, நாதஸ்வரம் உச்சத்துக்குப் போன இடமெல்லாம் கிழிந்து கேட்டது. போதாததற்கு நாலு குச்சிக்கும் ஒரே பெயர். மின்சாரம் நின்று வந்தால் மூன்றாவது டெக் முதலாவதாகிவிடும். எந்தக் கோப்பு எந்தக் கசெற் என்று தேடியே ஒரு பின்னேரம் போயிற்று. பிறகு சிவப்பும் வெள்ளையுமாக இரட்டை ஆர்சிஏ உள்ளீடு உள்ள பெஹ்ரிங்கர் யூசிஏ222 வகைப் பெட்டிகளுக்கு மாறினோம். 16 பிற், 48 கிலோஹேர்ட்ஸ். உலக ஒலி ஆவணக் காப்பகச் சங்கத்தின் வழிகாட்டி கேட்பது 24 பிற், குறைந்தது 48 கிலோஹேர்ட்ஸ், முடிந்தால் 96. அதற்கு இது குறைவுதான். ஆனால் பரணில் கிடந்து பூஞ்சணம் பிடிப்பதை விட 16 பிற் எவ்வளவோ மேல்.

ஓடாசிற்றி போன்ற பிரபலமான மென்பொருள் ஒரு நேரத்தில் ஒரு கருவியை மட்டுமே கேட்கும். நாலுக்கும் தனித்தனிப் பதிவு வேண்டுமானால் லினக்ஸில் நாலு முனையச் சாளரம் திறந்து நாலு பதிவுக் கட்டளை கொடுப்பதே எளிது. அழகில்லை, ஆனால் வேலை நடக்கிறது.

இந்த இடத்தில்தான் கேள்வி இரண்டாகப் பிரிகிறது. நான் படித்த பல விளக்கங்கள் இந்தப் பிரிவைச் சொல்லாமல் விடுவதால்தான் ஆட்கள் காசைக் கொட்டுகிறார்கள் என்பது என் எண்ணம். நாலு டெக்கில் நாலு கசெற் ஓடும்போது அவை நாலு வேறு கதை. ஒன்றுக்கு ஒன்று காத்திருக்கத் தேவையில்லை. இதற்கு நாலு தனிப் பெட்டி தாராளம். ஆனால் கோயில் வீதியில் ஒரு மேளச் சமாவை நாலு ஒலிவாங்கி வைத்துப் பதிந்தால் அது ஒரே கதையை நாலு காது கேட்பது. அந்த நாலு காதும் ஒரே கடிகாரத்தில் கேட்க வேண்டும்.

ஒவ்வொரு யூஎஸ்பி ஒலிப்பெட்டிக்குள்ளும் ஒரு படிகக் கடிகாரம் இருக்கிறது. ‘வினாடிக்கு 48,000’ என்று இரண்டு பெட்டியும் சொன்னாலும் இரண்டும் அச்சொட்டாக ஒன்றல்ல. சாதாரணப் படிகம் பத்து இலட்சத்துக்கு ஐம்பது பங்கு கூடவோ குறையவோ ஓடலாம். ஒன்று கூடியும் மற்றது குறைந்தும் ஓடினால் வித்தியாசம் நூறு பங்கு. கேட்கச் சின்னது, ஒரு மணித்தியாலத்தில் 0.36 வினாடி. தவிலில் துரித காலத்தில் வினாடிக்கு எட்டு அடி என்று கணக்கிட்டால் கிட்டத்தட்ட மூன்று அடி பிந்தல். வலந்தலைக்கு ஒரு ஒலிவாங்கியும் தொப்பிக்கு ஒரு ஒலிவாங்கியும் வைத்து இரண்டு பெட்டியில் பதிந்தால், சமா முடியும்போது ஒரே வித்துவானின் வலக்கையும் இடக்கையும் தங்களுக்குள் சண்டை பிடிக்கும். தவில் வித்துவான் யாழ்ப்பாணம் தெட்சணாமூர்த்தி 1975 இல் மறைந்தவர். அவருடைய வாசிப்பு இன்று நம்மை எட்டுவது ஒலிப்பதிவுகளின் வழியாகத்தான். அப்படிப்பட்ட விரல்களின் கணக்கைப் பதிகிறவன் 0.36 வினாடியை அலட்சியம் செய்ய முடியாது.

நாதஸ்வரக் குழுவில் தாளம் போடுகிறவர் ஒருவர் எதற்கு இருக்கிறார்? எல்லாரும் அவரைக் கேட்டுத்தான் நிற்கிறார்கள். ஒலிப்பெட்டிகளுக்கும் அப்படி ஒருவர் வேண்டும். ஒலிக்கூடங்களில் அதற்குச் சொல்கடிகாரம் என்று தனிக் கம்பியே இழுக்கிறார்கள். ஒரு பெட்டி தாளம் போடும், மற்றவை பின்தொடரும். மலிவான யூஎஸ்பிப் பெட்டிகளில் அந்தத் துளை இல்லை. மென்பொருளால் சமாளிக்கும் வழிகள் உண்டு. ஆப்பிள் கணினியில் 2005 முதல் பல பெட்டிகளை ஒட்டி ஒன்றாகக் காட்டும் வசதி இருக்கிறது. அதில் நழுவல் திருத்தம் என்ற பெட்டியில் சரி போட மறக்கக்கூடாது. லினக்ஸில் பைப்வயர் என்ற மென்பொருள் மாதிரிகளைத் திரும்ப எண்ணித் தானாகவே சமன் செய்கிறது. விண்டோஸில் ஸ்ரைன்பேர்க் நிறுவனத்தின் ஏசியோ முறை ஒரு நேரத்தில் ஒரு இயக்கியையே ஏற்கும். ஏசியோ4ஓல் என்ற இலவச மென்பொருள் பல பெட்டிகளைச் சேர்த்துக் காட்டும், கடிகாரங்களைச் சேர்க்காது. ஒன்றுமே இல்லாவிட்டால் பழைய சினிமாக்காரர் வழி: தொடக்கத்தில் ஒரு கைதட்டு, முடிவில் ஒரு கைதட்டு. இரண்டு பதிவிலும் அந்த இரண்டு கைதட்டுக்கும் இடையிலான தூரத்தை அளந்து, ஒன்றை இழுத்துப் பொருத்தலாம்.

இவ்வளவு பாட்டுக்கும் நேரான மருந்து ஒன்றுதான். பல உள்ளீடு உள்ள ஒரே பெட்டி. உள்ளே ஒரே படிகம், வெளியே ஒரே யூஎஸ்பி வயர். பெஹ்ரிங்கர் யூஎம்சி1820, ஃபோக்கஸ்றைற் 18ஐ20 போன்றவற்றில் எட்டு உள்ளீடு. கண்ணாடி இழைத் துளையின் வழியே இன்னும் எட்டைச் சேர்க்கலாம். எட்டு உள்ளீடு என்றால் நாலு ஸ்ரீரியோ டெக். பெரியவர் கேட்டது இதுதான், துளைதான் வேறு.

ஆனால் வாங்கும்போது ஒரு எச்சரிக்கை. “பத்துச் சனல் யூஎஸ்பி மிக்சர்” என்று சொல்லி ஒரு கடையில் எனக்கு ஒன்றைத் தந்தார்கள். பத்துச் சனலும் மிக்சருக்குள் வரும் உண்மைதான். யூஎஸ்பி வழியாகக் கணினிக்குப் போவது கலந்து முடிந்த இரண்டே சனல். சோற்றையும் கறியையும் குழைத்த பிறகு பிரித்தெடுக்க முடியுமா? இந்த விலையில் உள்ள மிக்சர்களில் மிகப் பெரும்பாலானவை இப்படித்தான். பெட்டியின் பக்கத்தில் ‘2 உள், 2 வெளி’ என்று சின்ன எழுத்தில் இருக்கும், அதைத்தான் முதலில் பார்க்க வேண்டும். பெஹ்ரிங்கர் எக்ஸ்ஆர்18 போன்ற ஒரு சில மட்டும் பதினெட்டையும் தனித்தனியாக அனுப்புகின்றன. விலையும் அதற்கேற்றபடி.

வலையமைப்புக் கம்பியில் நூற்றுக்கணக்கான சனல்களை அனுப்பும் டான்ரே போன்ற முறைகளும் இருக்கின்றன. அது மண்டபக்காரர்களுக்கும் ஒலிபரப்பாளர்களுக்கும். பரணில் பிஸ்கற் தகரம் வைத்திருப்பவருக்கு வேண்டியதில்லை.

நாலு டெக்கும் ஒரு கணினியும் ஒன்றாகச் சேரும்போது கட்டாயம் வருகிற விருந்தாளி உறுமல். எங்கள் மின்சாரம் 50 ஹேர்ட்ஸ். பூமிக் கம்பி இரண்டு வழியாகப் போனால் அந்த ஐம்பது பதிவுக்குள் ஏறிவிடும். எல்லாவற்றையும் ஒரே பிளக்கட்டையில் கொழுவுவது முதல் வைத்தியம். அதிலும் போகாவிட்டால் ஒலி வயரில் தனிமைப்படுத்தும் மாற்றி ஒன்று போடலாம். பூமி ஊசியை உடைத்து எறிகிற வைத்தியம் எங்கள் ஊரில் பிரபலம். அதைச் செய்யாதீர்கள், உறுமல் போகும், ஆளும் போகலாம்.

கருவிகளால் தீராத பிரச்சினை ஒன்று தகரத்துக்குள்ளேயே இருந்தது. 1990 இல் போர் மீண்டும் மூண்ட பிறகு குடாநாட்டில் மின்சாரம் இல்லை. பொருளாதாரத் தடைப் பட்டியலில் பற்றரியும் இருந்தது. சைக்கிளைக் கவிழ்த்து வைத்து டைனமோவைச் சுழற்றி வானொலிச் செய்தி கேட்ட காலம். அந்தக் காலத்தில் பதிந்த சில கசெற்றுகளைப் போட்டால் பெரியப்பாவின் குரல் சின்னப் பிள்ளையின் கீச்சுக் குரலாக வருகிறது. பற்றரி இறங்கிய நிலையில் பதிந்திருக்கிறார். மோட்டார் மெதுவாகச் சுற்றியிருக்கிறது. இப்போது முழு மின்சாரத்தில் ஓடும்போது எல்லாம் வேகமாகிவிடுகிறது. அதுவும் ஒரே அளவாக அல்ல. கசெற்றின் தொடக்கத்தில் குரல் கிட்டத்தட்டச் சரி, போகப் போகக் கீச்சு கூடுகிறது. பற்றரி செத்துக்கொண்டிருந்ததை நாடா அப்படியே எழுதி வைத்திருக்கிறது. மென்பொருளில் வேகத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்துக் குரலைத் திருத்தலாம். திருத்திய பிரதியையும் வைத்தேன், திருத்தாததையும் அழிக்கவில்லை. எனக்குத் திருத்தாததே கூடப் பிடித்திருக்கிறது.

2005 இல் தொடங்கிய நூலகம், ஈழத்து நூல்களையும் இதழ்களையும் இணையத்தில் ஏற்றி வருவது பலருக்குத் தெரியும். அதே நிறுவனத்தின் ‘ஆவணகம்’ ஒலி, ஒளி, நிழற்படங்களுக்கென்று இருக்கிறது என்பது அவ்வளவாகத் தெரியாது. 1981 இல் யாழ் நூலகம் எரிந்த பிறகு காகிதத்தின் அருமை எங்களுக்கு விளங்கியது. நாடாவின் அருமை இன்னும் விளங்கவில்லை. காகிதத்தைப் போல அது எரிந்து புகை காட்டுவதில்லை, மூலையில் கிடந்து சத்தமில்லாமல் சாகிறது.

பெரியவரிடம் திரும்பிப் போய்ச் சொன்னேன்: “ஐயா, அந்த ஒன்பது ஊசியாலை ‘ஓடு, நில்’ எண்டு சொல்லலாம். பாட்டு வராது.” அவர் சிரித்தார். “அப்ப அது சுவாமிக்குப் பக்கத்திலை நிண்டு ஏவல் சொல்லுறவர் மாதிரி. மேளகாரர் இல்லை.” இதைவிடச் சுருக்கமாக நான் எங்கும் படிக்கவில்லை.

212 இல் 171 இறங்கிவிட்டன. பத்துப் பன்னிரண்டு நாடா ஒட்டிப் போய்ச் சுழலவே இல்லை, அவற்றை ஒதுக்கி வைத்திருக்கிறோம். மிச்சம் ஓடிக்கொண்டிருக்கின்றன. உங்கள் வீட்டிலும் ஒரு தகரம் இருக்கும். கணினி, பெட்டி, வயர் எல்லாம் பிறகு பார்க்கலாம். இன்றைக்கே அதைப் பரணிலிருந்து இறக்கி, ஒவ்வொரு கசெற்றையும் ஒரு தரம் முன்னுக்கும் பின்னுக்கும் மெதுவாகச் சுற்றி, யாருடைய குரல், எந்த வருடம் என்று தெரிந்தவர் உயிரோடிருக்கும்போதே உறையில் எழுதி வையுங்கள்.